காவல் வீரர் லேன்

பந்தாட்டம் நிகழும் களத்தைச் சூழ்ந்திருப்போர் கண்கள் பெரும்பாலும் பந்தைக் கொண்டு ஓடுபவன் மேலேயே இருக்கும். அவன் எல்லையைக் கடந்தால் ஆரவாரம் எழும். அவன் பெயர் ஊரெங்கும் பேசப்படும். அவனைத் தடுத்து நிறுத்தியவன் யார் என்று கேட்போர் சிலரே. காவற்காரன் விழித்திருந்த இரவில் களவு நிகழ்வதில்லை. களவு நிகழாமையால் அவன் விழித்திருந்தமையும் பிறர்க்குத் தெரிவதில்லை. விளையாட்டிலும் காவல் தொழில் இத்தகையதே. எனினும், அத்தொழிலை மேற்கொண்டு, பந்தைக் கொண்டு ஓடுவோரினும் மிக்க புகழ் எய்தினார் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ரிச்சர்டு லேன் என்பார். டிக் லேன் என்று நண்பர் அழைத்தனர். "நைட் ட்ரெயின்", அஃதாவது இரவு வண்டி, என்று நாடு அழைத்தது.

லேன் வேண்டியவை பல அவர்க்குக் கிட்டவில்லை. பந்து பிடிப்பவராக ஆட விரும்பினார், காவலில் நிறுத்தப்பட்டார். ஓரணியிலேயே ஆடி ஓய்வு பெறும் பேறும் வாய்க்கவில்லை. மூன்று ஊர்களின் அணிகளுக்கு மாறி மாறிச் செல்ல நேர்ந்தது. தாம் விரும்பாத இடத்தில் நிறுத்தப்பட்ட ஒருவர் அவ்விடத்திலிருந்து என்ன செய்தல் கூடும் என்பதற்கு அவருடைய வாழ்வு தக்கதொரு சான்றாகும்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டத்தினின்று வேறானது. அதற்குரிய பந்து உருண்டை வடிவினதன்று. இருமுனையும் கூர்ந்து நடுவே பருத்திருக்கும். அதனைக் காலால் உதைப்பது சிறுபான்மை. கையில் ஏந்தி ஓடுவதும் கையால் எறிவதுமே பெரும்பான்மை. களத்தின் நீளம் 100 கெஜம். அதன் இருதலைப்பிலும் 10 கெஜ அளவில் இறுதிப் பகுதி ஒவ்வொன்று உண்டு. ஓரணிக்கு 11 பேராக இரண்டு அணியினரும் எதிரெதிர் நிற்பர். பந்தைப் பெற்ற அணிக்கு நான்கு வாய்ப்புகள் அளிக்கப்படும். அவற்றுள் 10 கெஜமாவது முன்னேறினால், மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இவ்வாறு படிப்படியாக முன்னேறி, எதிரணி காக்கும் இறுதிப் பகுதியில் பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளிகள் உண்டு.

தாக்கும் அணியில் பந்தெறிபவன் ஒருவன் உளன். தன் தோழன் ஒருவன் விரைந்தோடிச் சென்று சேரும் இடத்தை முன்னரே கணித்து, அவ்விடம் நோக்கி அவன் பந்தை எறிவான். அத்தோழனை நிழல்போல் தொடர்ந்தோடிப் பந்து அவன் கையை அடையாமல் காப்பது எதிரணியில் கார்னர்பேக் எனப்படும் ஓரக் காவலனின் கடமை. பந்தைத் தட்டிவிட்டால் அவனுக்கு அது வெற்றி. இடைமறித்துத் தானே பற்றிக்கொண்டாலோ அது பெருவெற்றி. ஏனெனில், அந்நொடியிலேயே பந்து அவனுடைய அணிக்கு உரியதாகிவிடும். தாக்க வந்தவர் தற்காக்க வேண்டியவர் ஆகிவிடுவர்.

சடுகுடு ஆடிப் பழகியவர்க்கு இக்காவலின் அருமை எளிதில் விளங்கும். பாடி வருபவன் எப்பக்கம் பாயப் போகிறான் என்பதை அவன் ஒருவனே அறிவான். மறித்து நிற்பவர் அவன் கண்ணையும் காலையும் நோக்கியே அதனை உய்த்துணர வேண்டும். ஓரக் காவலனுக்கோ இன்னும் அரிய வேலை. அவன் பின்னோக்கி ஓடிக்கொண்டே இதனை உணர வேண்டும். சற்றே பிழைத்தாலும், அப்பிழையைக் களத்தைச் சூழ்ந்துள்ள பல்லாயிரவரும் காண்பர்.

கைவிடப்பட்ட குழந்தை

லேன் 1920-களின் பிற்பகுதியில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் பிறந்தார். அவர் மூன்று திங்கட் குழந்தையாய் இருந்தபோது, பெற்ற தாய் அவரைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டி ஒன்றில் இட்டுச் சென்றாள். அவ்வழியே வந்த எலா லேன் என்னும் கைம்பெண் தொட்டியிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டார். பூனையின் குரல் என்றே முதலில் எண்ணினார். அருகே சென்று நோக்கியபோது குழவியைக் கண்டார். அவர் செல்வம் உடையவர் அல்லர். வளர்க்கவேண்டிய பிள்ளைகள் அவர்க்கு முன்னரே இருந்தனர். ஆயினும் அவர் தயங்கவில்லை. குழந்தையை வீட்டிற்கு எடுத்துச் சென்று தம் மகனாகவே வளர்த்தார். லேன் என்னும் குடிப்பெயர் அவ்வம்மையார் வழங்கியதே.

வறுமையில் வளர்ந்த பிள்ளைக்கு உழைப்பு இளமையிலேயே பழக்கமாயிற்று. சிறுவர் லேன் ஆஸ்டின் நகரத் தெருக்களில் பிறருடைய காலணிகளுக்கு மெருகிட்டார்; உணவு விடுதிகளில் உண்ட கலங்களை எடுத்தார். அக்காலத்தில் டெக்ஸாஸில் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பினத்தவர் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் கற்றல் இயலாது; சட்டமே அவர்களைப் பிரித்து வைத்திருந்தது. லேன் கறுப்பினத்தவர்க்கென அமைந்த ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். கால்பந்தும் கூடைப்பந்தும் அங்கே அவர்க்குக் கைவந்தன.

தம்மைக் கைவிட்ட தாயிடம் அவர் பகை பாராட்டவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்தபின், நெப்ராஸ்கா மாநிலத்து ஸ்காட்ஸ்பிளஃப் நகரில் அத்தாய் வாழ்வதை அறிந்து அவரிடம் சென்று தங்கினார். 1947-ஆம் ஆண்டில் அந்நகரின் இளநிலைக் கல்லூரியில் சேர்ந்து அதன் கால்பந்து அணியில் ஆடினார். கல்லூரியில் அவர் பயின்றது அந்த ஓராண்டே.

படைவீரரும் தொழிலாளரும்

1948-ஆம் ஆண்டில் லேன் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். நான்காண்டுகள் படைவீரராய் இருந்தார். கலிபோர்னியாவில் உள்ள ஃபோர்ட் ஆர்ட் என்னும் படைத்தளத்தின் அணியில் பந்து பிடிப்பவராக ஆடிப் பெயர் பெற்றார். அவ்வாட்டங்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் வெளிவந்த குறிப்புகளைக் கத்தரித்து, ஒரு குறிப்பேட்டில் ஒட்டிப் போற்றி வைத்திருந்தார். அவ்வேடு பின்னர் எவ்வளவு பயன்படும் என்பதை அவர் அப்பொழுது அறிந்திருக்க இயலாது.

1952-ஆம் ஆண்டில் படையினின்று விடுபட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வேலை தேடினார். விமானத் தொழிற்சாலை ஒன்றில் இடம் கிடைத்தது. தாள்களை அடுக்கி வைக்கும் எழுத்தர் வேலை என்றே எண்ணிச் சென்றார். அங்கே அவர்க்கு அளித்த வேலையோ வேறு. எண்ணெய் படிந்த கனத்த உலோகத் தகடுகளைத் தூக்கி எடுத்து, அவற்றை அழுத்தும் பொறியில் வைத்தல் வேண்டும். மாலையில் ஆடையெல்லாம் எண்ணெயாய் வீடு திரும்புவார். நேர்மையான எத்தொழிலும் இழிவன்று. ஆயினும், தம்பால் உள்ள வேறோர் ஆற்றல் பயன்படாமற் போகின்றது என்னும் எண்ணம் அவரை வருத்திற்று.

தொழிற்சாலைக்குச் செல்லும் பேருந்து ராம்ஸ் என்னும் கால்பந்து அணியின் அலுவலகத்தைக் கடந்து சென்றது. அவ்வணி அதற்கு முந்தைய ஆண்டாகிய 1951-இல்தான் தேசியக் கால்பந்து லீக்கின் வாகையைச் சூடியிருந்தது. ஒரு நாள் லேன் அங்கே இறங்கினார். குறிப்பேட்டைக் கையில் ஏந்தி உள்ளே சென்றார். யாரும் அவரை அழைக்கவில்லை, பரிந்துரைத்தவரும் இலர். நான்காண்டுகள் கல்லூரியில் ஆடிப் புகழ்பெற்ற இளைஞரையே அணிகள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பயிற்சியாளர் ஜோ ஸ்டைடஹார் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். ஆடிக் காட்டுவதற்கு ஒரு வாய்ப்பு அளித்தார். அன்று லேன் கேட்டுப் பெற்றது வேலையன்று. தம்மைச் சோதித்துப் பார்க்குமாறு கேட்டு, அச்சோதனையையே பெற்றார்.

இங்கு ஒன்றனை நினைவிற் கொள்ள வேண்டும். 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் கறுப்பின வீரர் ஒருவரும் ஆடவில்லை. 1946-ஆம் ஆண்டில் கென்னி வாஷிங்டன், உட்டி ஸ்ட்ரோடு என்னும் இருவரை ராம்ஸ் அணி சேர்த்துக்கொண்ட பின்னரே அத்தடை தகர்ந்தது. லேன் நுழைந்த வாயில் திறக்கப்பட்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பெயர் வந்த வகை

ராம்ஸ் அணியில் லேன் பந்து பிடிப்பவராகவே பயிற்சி தொடங்கினார். ஆனால் அவ்விடத்திற்கு டாம் ஃபியர்ஸ், எல்ராய் ஹிர்ஷ் என்னும் பெருவீரர் இருவர் முன்னரே இருந்தனர். மேலும், அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய ஏடு அவர்க்கு எளிதில் விளங்கவில்லை. விளங்காததை மறைத்துக்கொள்ள அவர் முயலவில்லை. எவருடைய இடத்திற்கு அவர் போட்டியிட்டாரோ அந்த ஃபியர்ஸிடமே சென்று, நாள்தோறும் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஃபியர்ஸும் மறுக்காமல் கற்பித்தார்.

ஃபியர்ஸின் அறையில் "நைட் ட்ரெயின்" என்னும் இசைத்தட்டு அடிக்கடி ஒலித்துக்கொண்டிருக்கும். அது பட்டி மாரோ என்பவரின் இசைக்குழு வெளியிட்டது. லேன் அவ்வறைக்கு வரும்போதெல்லாம் அவ்விசை ஒலிக்கக் கண்ட தோழர், அவர்க்கு அதனையே பெயராக இட்டனர். முதலில் அப்பெயரை அவர் விரும்பவில்லை. பின்னர், பருவத்திற்கு முந்திய ஓர் ஆட்டத்தில், வாஷிங்டன் அணியைச் சார்ந்த சார்லி ஜஸ்டிஸ் என்பவரை அவர் வன்மையாய்த் தடுத்து வீழ்த்தினார். ஜஸ்டிஸுக்குப் புகைவண்டியின் ஒலியைக் குறிக்கும் "சூ சூ" என்பது பட்டப்பெயர். இரவு வண்டி அந்த வண்டியைத் தண்டவாளத்தினின்று கவிழ்த்துவிட்டது என்று செய்தித்தாள் எழுதிற்று. அதுமுதல் லேன் அப்பெயரை ஏற்றுக்கொண்டார்.

காவலில் நிறுத்தப்படல்

பயிற்சி ஆட்டங்களில் லேனுடைய விரைவையும், எதிர்ப்பட்டவரைத் தடுத்து வீழ்த்தும் வன்மையையும் பயிற்சியாளர் கண்டார். பந்து பிடிப்பவர் வரிசையினின்று அவரை அகற்றி, ஓரக் காவலராக நிறுத்தினார். பந்து பிடிப்பதற்கென வந்த இளைஞர்க்கு இம்மாற்றம் உவப்பளிப்பதன்று. பலர் இத்தகைய நிலையில் மனம் சோர்வர். அல்லது அளித்த பணியை அரைமனத்தோடு செய்து நாள் கழிப்பர். லேன் செய்தது வேறு. பந்து பிடிப்பவன் எவ்வாறு எண்ணுவான், எவ்விடத்தில் திரும்புவான், எப்பொழுது கையை நீட்டுவான் என்பவை அவர் பயின்ற கலையே அன்றோ? அக்கலையைக் காவலுக்குப் பயன்படுத்தினார். தாம் பெறவியலாத இடத்தைப் பற்றிய அறிவே அவர்க்குப் படைக்கலம் ஆயிற்று.

அவர் வேண்டுமென்றே சற்றுப் பின்தங்கி நிற்பார். பிடிப்பவன் காவலின்றி ஓடுவதாகப் பந்தெறிபவன் கருதுவான், நம்பிக்கையோடு எறிவான். பந்து அவன் கையை விட்டு நீங்கியதும் லேன் நெடிய கால்களால் பாய்ந்து இடைவெளியைக் கடப்பார். நீண்ட கைகளை நீட்டிப் பந்தைக் கவர்வார். காலம் ஒரு நொடி தவறினும் இம்முறை தோல்வியில் முடியும். அவர்க்கும் சிற்சில வேளைகளில் முடிந்தது. பெரும்பாலும் பந்து அவர் கைக்கே வந்தது.

1952-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓரணி ஆட வேண்டியவை 12 ஆட்டங்கள். அவற்றில் லேன் 14 முறை பந்தை இடைமறித்துப் பற்றினார். அது அவர்க்கு முதற்பருவம் என்பதை மறத்தலாகாது. பின்னர்ப் பருவத்தின் அளவு 14 ஆட்டங்களாகவும், 1978-இல் 16 ஆகவும், 2021-இல் 17 ஆகவும் வளர்ந்தது. வாய்ப்புகள் பெருகிய பின்னும் அவ்வெண்ணை எவரும் எட்டவில்லை. 1980-ஆம் ஆண்டில் லெஸ்டர் ஹேய்ஸ் என்பவர் 16 ஆட்டங்களில் 13 முறை பற்றி அதனை நெருங்கினார். 2024-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோதும் லேனுடைய அருஞ்செயலே முதலிடத்தில் நின்றது. தகடு தூக்கிய தொழிலாளர் ஒருவர், ஓராண்டிற்குள், எழுபதாண்டு கடந்தும் அழியாத எண்ணை எழுதிச் சென்றார்.

அணி மாறுதல்

இத்தகைய வீரரை ஓரணி எக்காலத்தும் விடாது என்றே நாம் எண்ணுவோம். ஆனால் தொழில்முறை விளையாட்டின் வழக்கம் வேறு. அங்கே அணிகள் தம்முள் வீரரைப் பரிமாறிக்கொள்ளும். பெரும்பாலும் வீரரின் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. வேனிலில் ஓரூரில் குடியிருந்தவர் கார்காலத்தில் வேறூரில் வீடு தேட நேரும். இரண்டாம் ஆண்டில் லேன் மூன்று முறையே பந்தை இடைமறித்தார். 1954-ஆம் ஆண்டில் ராம்ஸ் அணி அவரைச் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது.

கார்டினல்ஸ் அக்காலத்தில் நலிந்த அணி. லேன் சேர்ந்த ஆண்டில் அது 12 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அவர் அங்கிருந்த ஆறு பருவங்களில், தோல்வியினும் வெற்றி மிகுந்த பருவம் 1956 ஒன்றே. தோற்கும் அணியில் முழுமுயற்சியோடு ஆடுதல் அரிது. ஆடுவதைக் கண்டு பாராட்டுவோரும் குறைவு. எனினும், முதலாண்டிலேயே லேன் 10 முறை பந்தை இடைமறித்து, லீக் முழுமைக்கும் முதல்வராய் நின்றார். அணி கடைநிலையில் இருந்தது. அவ்வணியின் காவலரோ தலைநிலையில் இருந்தார்.

அவர் இளமையில் விரும்பிய பணியும் அங்கே சிறிதளவு கிட்டியது. கார்டினல்ஸ் அணியினர் சிற்சில சமயங்களில் அவரைப் பந்து பிடிக்கவும் அனுப்பினர். 1955-ஆம் ஆண்டில் கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஆக்டன் காம்ப்டன் எறிந்த பந்தை அவர் பிடித்து ஓடி இறுதிப் பகுதியில் சேர்த்தார். அந்த ஓர் எறிதலால் கடந்த தொலைவு 98 கெஜம். ஏறத்தாழக் களம் முழுவதுமே ஆகும். பந்து பிடிப்பவராய் இருந்திருப்பின் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதை அச்செயல் காட்டிற்று. ஆயினும், மறுநொடியே அவர் தம் காவலிடத்திற்குத் திரும்ப வேண்டியவரே.

வன்மையும் விதியும்

லேனுடைய ஆட்டத்தில் அச்சம் தரும் கூறும் ஒன்று உண்டு. அதனை மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. ஓடி வருபவனைக் காலில் பற்றி வீழ்த்தினால், அவன் முன்னோக்கி விழுந்து ஒன்றிரண்டு கெஜம் கூடுதலாகப் பெற்றுவிடுவான். ஆதலின் லேன் மேலே பற்றினார். கையை நீட்டிக் கழுத்தளவில் மறிப்பார். சில வேளைகளில் தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பற்றி இழுத்து வீழ்த்துவார். வீழ்ந்தவன் அடுத்த முறை அப்பக்கம் வரத் தயங்குவான். இம்முறையை "இரவு வண்டியின் கழுத்துப்பட்டை" என்று மக்கள் வேடிக்கையாய்க் குறிப்பிட்டனர்.

அக்காலத்து விதிகள் இதற்கு இடம் அளித்தன. ஆயினும், கழுத்தெலும்பு விளையாட்டுப் பொருளன்று. 1962-ஆம் ஆண்டில், எவருடைய முகக்கம்பியையும் பற்றி இழுத்தலாகாது என லீக் விதி செய்தது. கழுத்தில் கைவீசி மறிப்பதும் பின்னர்த் தடை செய்யப்பட்டது. அவ்விதிகள் நல்லவை, பல இளைஞரின் உடலையும் உயிரையும் காப்பவை. லேனுடைய பெருமையும் அவ்விதிகளால் குறையவில்லை. தடை செய்யப்பட்ட பிடியை நீக்கிவிட்டு நோக்கினும், அவருடைய கூர்ந்த நோக்கும் காலம் அறிந்து பாயும் திறனும் அவ்வாறே நிற்கின்றன. அப்பிடி அவருடைய அணிகலன் அன்று. அறிவே அவருடைய அணிகலன்.

மூன்றாம் அணி

1960-ஆம் ஆண்டில் லேன் மீண்டும் மாற்றப்பட்டார். இம்முறை சென்றது டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு. அவர் வயது முப்பதைக் கடந்திருந்தது. விரைந்து ஓடுவதையே தொழிலாக உடையவர்க்கு அது முதுமையின் தொடக்கம். ஆனால் கால் இழந்த விரைவைக் கண்ணும் கருத்தும் ஈடு செய்தன. எறிபவனின் தோளசைவைக் கண்ட அளவில், பந்து செல்லுமிடத்தை அவர் அறிந்தார். டெட்ராய்ட்டில் டிக் லெபோ, யேல் லாரி முதலிய சிறந்த காவலரோடு சேர்ந்து ஆடினார்.

1962-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், நன்றி நவிலும் திருநாளன்று, கிரீன் பே பேக்கர்ஸ் அணியை லயன்ஸ் எதிர்த்தது. அவ்வாண்டு பேக்கர்ஸ் 14 ஆட்டங்களில் 13-இல் வென்ற பேரணி. அது தோற்ற ஒரே ஆட்டம் அன்று நிகழ்ந்ததே. லயன்ஸ் 26 புள்ளிகளும் பேக்கர்ஸ் 14 புள்ளிகளும் பெற்றன. லயன்ஸ் அணியின் காவற்படையே அவ்வெற்றியை ஈட்டிற்று என்பர்.

எனினும், அப்பருவத்திலும் லயன்ஸ் தன் பிரிவில் இரண்டாம் இடத்தையே பெற்றது. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. லேன் ஆடிய மூன்று அணிகளும் முன்னர் வாகை சூடியவை. ராம்ஸ் 1951-இல் வென்றது. அவர் 1952-இல் சேர்ந்தார். கார்டினல்ஸ் 1947-இல் வென்றது. அவர் 1954-இல் சேர்ந்தார். லயன்ஸ் 1957-இல் வென்றது. அவர் 1960-இல் சேர்ந்தார். வாகைக்குப் பின்னரே அவர் எங்கும் வந்தார். 14 பருவங்கள் ஆடியும் ஒரு கோப்பையேனும் அவர் கையை அடையவில்லை.

இல்வாழ்விலும் அவர்க்குத் துயர் நேர்ந்தது. 1963-ஆம் ஆண்டில் டைனா வாஷிங்டன் என்னும் புகழ்பெற்ற பாடகியை மணந்தார்; அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே அவ்வம்மையார் காலமானார். அதன் பின்னும் இரு பருவங்கள் ஆடி, 1965-ஆம் ஆண்டோடு லேன் களத்தினின்று ஓய்வு பெற்றார்.

கணக்கும் புகழும்

அவர் பந்தை இடைமறித்த கணக்கைக் கூட்டிப் பார்த்தல் தகும். ராம்ஸ் அணியில் 17. கார்டினல்ஸ் அணியில் 30. லயன்ஸ் அணியில் 21. ஆக மொத்தம் 68. அவர் ஓய்வு பெற்றபோது அவரினும் மிகுதியாகப் பற்றியவர் எம்லென் டனல் ஒருவரே. மூன்று எண்களுள் மிகப் பெரியது மிக நலிந்த அணியில் ஈட்டியது என்பதை ஊன்றி நோக்குக. அணி மாறியது, ஊர் மாறியது, உடன் ஆடியோர் மாறினர். அவர் தம்மோடு கொண்டு சென்ற தொழில் மாறவில்லை. நல்ல தச்சன் எவ்வூர்க்குச் சென்றாலும் தன் உளியைக் கூர்மையாகவே வைத்திருப்பான். அதுபோன்றது லேன் சென்ற வழி.

1969-ஆம் ஆண்டில் லீக்கின் பொன்விழாவை முன்னிட்டு ஐம்பதாண்டுச் சிறப்பணி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஓரக் காவலராக லேன் இடம்பெற்றார். 1974-ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. 1994-இல் தேர்ந்த எழுபத்தைந்தாண்டு அணியிலும், 2019-இல் தேர்ந்த நூற்றாண்டு அணியிலும் அவர் பெயர் விடுபடவில்லை.

பிற்கால வாழ்வு

ஓய்வுக்குப் பின் லேன் சில ஆண்டுகள் லயன்ஸ் அணியின் அலுவலகத்திலும், கல்லூரி அணிகளில் துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். லீக்கில் ஓரணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆகும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டவில்லை. அக்காலத்தில் கறுப்பினத்தவர்க்கு அவ்வாயில் திறக்கப்படவே இல்லை. அது மீண்டும் திறந்தது 1989-ஆம் ஆண்டில்தான்.

1975 முதல் 1992 வரை டெட்ராய்ட் நகரக் காவல்துறையைச் சார்ந்த விளையாட்டுக் கழகத்திற்கு லேன் தலைமை தாங்கினார். வறிய பகுதிகளில் வாழும் சிறுவரைத் தெருவின் தீய பழக்கங்களினின்று மீட்டு, ஆடுகளத்திற்கு அழைத்து வருவது அக்கழகத்தின் பணி. 14 ஆண்டுகள் பந்தாடியவர் 17 ஆண்டுகள் பிறருடைய பிள்ளைகளுக்காக உழைத்தார். தெருவோரத்தில் கிடந்த குழந்தையை எலா லேன் என்னும் ஏழை அம்மையார் எடுத்து வளர்த்தார் அன்றோ? அக்கடனைத் திருப்பித் தர அம்மையாரிடம் செல்ல வேண்டுவதில்லை; ஆதரவற்ற வேறு பிள்ளைகளுக்குத் தந்தாலே அது தீரும். 2002-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், பிறந்த ஊராகிய ஆஸ்டினிலேயே லேன் இயற்கை எய்தினார்.

வாழ்வில் நாம் விரும்பும் இடம் நமக்கு எப்பொழுதும் கிடைப்பதில்லை. வகுப்பிலும் களத்திலும் அலுவலிலும் நம்மை ஓரிடத்தில் நிறுத்துவோர் பெரும்பாலும் பிறரே. அவ்விடத்தை இகழ்ந்து நாள் கழிப்பதும், அதனைக் கற்று அதில் தலைசிறந்து நிற்பதும் நம் கையில் உள்ளன. பந்து பிடிக்க வந்தவர் லேன், காவலில் நிறுத்தப்பட்டார். காவலில் நின்றே, பிடிக்க வந்தவரினும் மிகுதியாகப் பிடித்துக் காட்டினார்.